ஈரலுக்கும் ஓர் இரவு உண்டு

உலகின் எந்த மூலையிலாவது விஞ்ஞானிகள் ஒரு புதிய உண்மையைக் கண்டறிந்துவிட்டால் போதும். "இது நம் மார்க்கத்தில் அன்றே சொல்லப்பட்டுவிட்டது" என்று மேடையேறி முழங்குவது நம்மிடையே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. 2016ஆம் ஆண்டு ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமி நோபல் பரிசு பெற்றபோது, நோன்பின் பயனை அவர் நிரூபித்துவிட்டதாகப் பேசியவர்களும் எழுதியவர்களும் பலர். அவர் ஆராய்ந்ததோ, ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரின் உயிரணு தன் பழுதுபட்ட பகுதிகளைத் தானே தின்று புதுப்பித்துக் கொள்ளும் விதத்தை. ரமளான் நோன்பு அவருடைய ஆராய்ச்சிப் பொருளே அன்று. அடுத்த ஆண்டு, 2017இல், உடலுக்குள் ஓடும் கடிகாரத்தின் சூட்சுமத்தைக் கண்டதற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூன்று அமெரிக்கர்கள் அதே பரிசைப் பெற்றார்கள். உடனே ஐவேளைத் தொழுகைக்கு விஞ்ஞானச் சான்று கிடைத்துவிட்டது என்ற பேச்சும் எழுந்தது.

அந்தக் கடிகாரத்தின் ஒரு பகுதியைப் பற்றியே நாம் இங்கு எழுத முற்படுகிறோம். கல்லீரலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது ஓயாமல் குழப்பப்பட்டால் புற்றுநோய்க்கு வழி திறக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கூறுகிறார்கள். இதைக் கொண்டு மார்க்கத்தை நிரூபிக்கலாமா என்பது முதற்கேள்வி. நிரூபிக்க இயலாதெனின், இந்த அறிவு வந்து சேர்ந்த பிறகு ஒரு முஃமினின் பொறுப்பில் ஏதேனும் கூடுகிறதா என்பது இரண்டாவது கேள்வி. முதற்கேள்விக்கு விடை எளிது. இரண்டாவதுதான் கனமானது, நம் வியாபாரத்தையும் வீட்டையும் பள்ளிவாசலையும் தொடுவது.

முதலில் செய்தியைத் தெளிவாகத் தெரிந்துகொள்வோம். தொட்டாற்சிணுங்கிச் செடி இரவில் இலையை மூடிப் பகலில் விரிப்பதை நாம் அறிவோம். 1729இல் டி மைரான் என்ற பிரெஞ்சுக்காரர் அச்செடியை வெளிச்சம் புகாத இடத்தில் வைத்துப் பார்த்தார். சூரியனைக் காணாத அந்த இருட்டிலும் அது நேரம் தவறாமல் இலையை விரித்தது, மூடியது. வெளியே இருக்கும் சூரியனைத் தவிர உள்ளேயும் ஏதோ ஒன்று நேரம் பார்க்கிறது என்பது அன்றே தெரிந்தது. அது இன்னது என்பது தெரிய மேலும் இருநூற்று நாற்பது ஆண்டுகள் ஆயின. 1971இல் அமெரிக்காவில் ரொனால்ட் கொனோப்கா, சீமோர் பென்சர் என்ற இருவர், பழத்தை மொய்க்கும் சிறு ஈக்களிடையே நாள்கணக்குக் கெட்டுப்போன மூன்று வகைகளைக் கண்டார்கள். ஒன்றுக்கு ஒரு நாள் என்பது 19 மணி நேரம். மற்றொன்றுக்கு 28 மணி நேரம். மூன்றாவதுக்கு நாள் என்பதே இல்லை. மூன்றிலும் பழுதுபட்டிருந்தது ஒரே மரபணு. அதற்குப் 'பீரியட்' என்று பெயரிட்டார்கள்.

இக்கடிகாரம் ஓடும் விதம், மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியில் மிதவை வேலை செய்வதைப் போன்றது. தொட்டியில் நீர் ஏற ஏற மிதவை உயர்ந்து குழாயை அடைத்துவிடுகிறது. நீர் செலவாகித் தாழ்ந்ததும் மிதவை இறங்கிக் குழாய் திறந்துகொள்கிறது. உயிரணுவுக்குள் 'கிளாக்', 'பிமால்' என்ற இரு புரதங்கள் சேர்ந்து குழாயைத் திறந்துவிடுகின்றன. அதனால் 'பெர்', 'கிரை' என்ற வேறு புரதங்கள் ஊறிப் பெருகுகின்றன. போதிய அளவு பெருகியதும் அவையே திரும்பிவந்து தம்மைப் பெருக்கிய குழாயை அடைக்கின்றன. பிறகு அவை சிறிது சிறிதாகச் சிதைந்து ஒழிய, குழாய் மறுபடி திறக்கிறது. ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 24 மணி நேரம். எத்தனையோ கோடி உயிரணுக்களில், யாரும் சாவி கொடுக்காமல், நாம் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய வேலை இது. ஸுப்ஹானல்லாஹ் என்று சொல்லாமல் இதைப் படித்து முடிக்க நம்மால் இயலவில்லை.

மூளையின் அடிப்பாகத்தில் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு திரள் இருக்கிறது. அதுவே தலைமைக் கடிகாரம். கண் வழியாக வரும் வெளிச்சத்தைக் கொண்டு அது தன்னைத் திருத்திக் கொள்கிறது. மற்ற உறுப்புகளின் கடிகாரங்கள் அதைப் பின்பற்றுகின்றன. ஆனால் கல்லீரல் சற்றே தனிப்போக்குடையது. 2000ஆம் ஆண்டில் ஜெனீவா நகரப் பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனை செய்தார்கள். சுண்டெலி இரவில் உண்டு பகலில் உறங்கும் பிராணி. அதற்குப் பகலில் மட்டும் தீனி கொடுத்தார்கள். சில நாட்களில் ஈரலின் கடிகாரம் தீனி வரும் நேரத்துக்கேற்பத் தலைகீழாகத் திரும்பிவிட்டது. மூளையின் கடிகாரமோ வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு பழைய நேரத்திலேயே நின்றது. ஒரே உடலுக்குள் மூளை ஒரு நேரம் காட்ட, ஈரல் வேறொரு நேரம் காட்டியது.

அதே பல்கலைக்கழகத்தார் 2017இல் வெளியிட்ட இன்னொரு செய்தி வியப்பிலும் வியப்பு. சுண்டெலியின் ஈரல், அது உண்டு நடமாடும் இரவு வேளையில் ஏறக்குறைய பாதியளவு பெருத்து, உறங்கும் பகல் வேளையில் மீண்டும் பழைய அளவுக்குச் சுருங்குகிறது. இது நாள்தோறும் நடக்கிறது. உறங்க வேண்டிய வேளையில் தீனி கொடுத்தால் இந்த ஏற்ற இறக்கம் மறைந்துவிடுகிறது.

துருக்கியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் அஸீஸ் ஸன்ஜர் என்பார், பழுதுபட்ட மரபுப் பொருளை உயிரணு எவ்வாறு செப்பனிடுகிறது என்பதைக் கண்டதற்காக 2015இல் நோபல் பரிசு பெற்றவர். அந்தச் செப்பனிடும் வேலையில் ஒரு பகுதி ஈரலில் எல்லா நேரமும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை, கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு ஏறி இறங்குகிறது என்று அவருடைய கூடத்தார் 2010இல் எலிகளில் காட்டினர். பழுது சேர்வதும் பழுது பார்ப்பதும் நேரத்தோடு பிணைந்திருக்குமானால், நேரம் குழம்பும்போது என்ன ஆகும்? அங்கேதான் புற்றுநோய் பற்றிய பேச்சு வருகிறது.

2002இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள பேய்லர் மருத்துவக் கல்லூரியில், 'பெர்' மரபணுக்களில் இரண்டாவது கெட்டுப்போன சுண்டெலிகள் மற்றவற்றைவிட எளிதில் கட்டிகளுக்கு ஆளாவதைக் கண்டார்கள். 2016இல் அதே கல்லூரியார் வெளியிட்ட ஆய்வு இன்னும் கவலை தருவது. இம்முறை மரபணுவில் எந்தப் பழுதும் இல்லாத சாதாரண எலிகளையே எடுத்துக்கொண்டார்கள். புற்றுநோயை உண்டாக்கும் மருந்து எதுவும் தரவில்லை. விளக்கு எரியும் நேரத்தை மட்டும் வாரந்தோறும் மாற்றி மாற்றி, ஓயாமல் ஊர்விட்டு ஊர் விமானத்தில் பறப்பவனின் நிலையில் அவற்றை நீண்ட காலம் வைத்திருந்தார்கள். முதலில் ஈரலில் கொழுப்புப் படிந்தது. பிறகு வீக்கமும் வடுவும். இறுதியில் பலவற்றுக்கு ஈரலில் புற்றுநோயே தோன்றியது. பருத்த உடலும் கொழுப்பு ஈரலும் உடைய மனிதர்களுக்கு அந்நோய் எந்தப் படிகளில் ஏறி வருகிறதோ, அதே படிகள். மனித ஈரல் உயிரணுக்களை எலியினுள் வளர்த்துச் செய்த ஆய்வு ஒன்று 2024இல் வெளிவந்தது. அந்த மனித உயிரணுக்களுக்கும் அதே கதிதான் நேர்ந்தது.

இதுவரை சொன்னதை வைத்து ஒரு பயான் தயாரித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் மறுபக்கத்தையும் கேட்க வேண்டும். கடிகாரத்தின் மற்றொரு அங்கமான 'கிரை'யை இழந்த எலிகளுக்குப் புற்றுநோய் கூடுகிறதா என்று ஸன்ஜரின் கூடத்தார் 2005இல் பார்த்தபோது, கூடவில்லை. 2009இல் அவர்களே வெளியிட்ட ஆய்வில், புற்றுநோய்க்கு எளிதில் ஆளாகும் ஒரு வகை எலியிடத்தில் 'கிரை' இல்லாதது நோயைத் தள்ளிப்போடவே செய்தது! ஆக, கடிகாரம் கெட்டால் நோய் வரும் என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. எந்தச் சக்கரம், எவ்விதம் கெட்டது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

மனிதர்களைப் பற்றிய செய்தியும் அளந்து பேச வேண்டியதே. பிரான்சின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, நாள்கணக்கைக் குழப்பும் முறைப்பணியை, புற்றுநோயை உண்டாக்கக்கூடியது எனப் பெரிதும் கருதத்தக்கவற்றின் வரிசையில் 2007இல் சேர்த்தது. இரவுப் பணி என்ற பெயரில் 2019இல் அதை உறுதி செய்தது. நிச்சயமானவை என்ற வரிசைக்கு அடுத்த வரிசை இது. மனிதர்களிடம் அவர்கள் கண்ட தொடர்பும் மார்பகம், விந்துச்சுரப்பி, பெருங்குடல் ஆகியவற்றின் புற்றுநோயோடுதான். ஈரல் புற்றுநோய்க்கு இன்றும் முதன்மையான காரணங்கள் மஞ்சள் காமாலையை உண்டாக்கும் பி, சி வகைக் கிருமிகள், மது, பூஞ்சை பிடித்த கடலையிலும் தானியத்திலும் ஊறும் நஞ்சு, ஈரலில் சேரும் கொழுப்பு ஆகியவையே. (குழந்தைகளுக்குப் பி வகைக் காமாலைத் தடுப்பூசி போடுவதில் இன்னும் தயக்கம் காட்டும் பெற்றோர் இவ்வரியை இரண்டாம் முறை படிக்கட்டும்.)

இப்போது முதற்கேள்விக்கு வருவோம். 2002ஆம் ஆண்டு ஆய்வைப் பிடித்துக்கொண்டு, "பாருங்கள், ஸுப்ஹுக்கு எழுந்து இஷாவுக்குப் பின் உறங்கு என்ற கட்டளையை விஞ்ஞானம் மெய்ப்பித்துவிட்டது" என்று ஒருவர் மேடையில் பேசியிருந்தால், 2009ஆம் ஆண்டு ஆய்வு வந்தபோது அவர் எதைப் பேசியிருப்பார்? எலியின் மீது கட்டிய ஈமான் எலியோடு போய்விடும். ஹிஜ்ரி 790இல் மறைந்த இமாம் ஷாத்திபீ (ரஹ்) அவர்கள் தம் 'அல் முவாஃபகாத்' நூலில், முன்னோர் பின்னோரின் எல்லாக் கலைகளையும் குர்ஆனில் ஏற்றிக் கூறுவோர் வரம்பு மீறிவிட்டனர் என்று அன்றே கண்டித்தார்கள். அதைவிட ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. நாம் தொழுவது, தொழு என்று அல்லாஹ் சொன்னதற்காக. ஈரல் நலம் பெறும் என்பதற்காகத் தொழுபவன், ஈரலுக்கு வேறொரு மருந்து கிடைத்தால் தொழுகையை விட்டுவிடலாம் அல்லவா? நிய்யத்தின் இடத்தில் இலாபத்தை வைத்த பிறகு அதற்கு இபாதத் என்று பெயர் சொல்வதற்கில்லை.

ஆகவே, விஞ்ஞானத்தை விஞ்ஞானத்தின் இடத்தில் வைப்போம். அப்படி வைத்துவிட்டால், "இன்னும் உறுதியாகாத செய்திதானே, நமக்கென்ன?" என்று எழுந்து போய்விடலாமா? போக முடியாது. ஏனெனில் அகீதாவுக்குத் தேவையான உறுதி வேறு; செயலுக்குத் தேவையான உறுதி வேறு. தண்ணீர் பட்டால் நோய் கூடும் என்று நம்பிக்கைக்குரிய மருத்துவர் ஒருவர் சொன்னால், உளூவுக்குப் பதில் தயம்மும் செய்ய ஃபிக்ஹு நூல்கள் அனுமதிக்கின்றன. நோய் கூடியே தீரும் என்று அவர் சத்தியம் செய்து தரவேண்டியதில்லை. மேலோங்கிய எண்ணமே போதும். ஒரு ஃபர்ளின் உருவத்தையே மாற்றிக்கொள்ள இந்த அளவு அறிவு போதுமென்றால், பிறர் உடலுக்கு வரும் தீங்கைத் தடுக்க அது போதாது என்று நாம் எப்படிச் சொல்வோம்? லியோன் நகரத்தார் சொன்னதும் மேலோங்கிய எண்ணம்தான். ஈமானுக்கு அது தேவையில்லை. அமலுக்கு அது தாராளமாகப் போதும்.

நம் சொந்த உடலிலிருந்து தொடங்குவோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'பிதாயத்துல் ஹிதாயா'வில் ஒரு கணக்குப் போடுகிறார்கள். இரவும் பகலும் சேர்ந்து 24 மணி. அதில் உறக்கம் 8 மணிக்கு மேற்படலாகாது. 60 ஆண்டு வாழ்பவன் அதிலேயே 20 ஆண்டை இழந்துவிடுகிறானே, அது போதும் என்பது அவர்கள் கருத்து. மதரஸாவில் இதை ஓதியவர்கள், அதிகமாக உறங்காதே என்ற எச்சரிக்கையை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். துறவு மனம் கொண்ட அந்த மாபெரும் இமாமும் எட்டு மணி நேரத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. இன்று நம் இளைஞர்களில் எத்தனை பேருக்கு அந்த எட்டு கிடைக்கிறது? அவர்களைத் தடுப்பது தஹஜ்ஜுதா? கைப்பேசி!

ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்களின் நிகழ்ச்சி நாம் பலமுறை கேட்டது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஸல்மானையும் அபுத் தர்தாவையும் சகோதரர்களாக இணைத்துவிட்டார்கள். ஸல்மான் தம் சகோதரரின் இல்லம் சென்றபோது, அவருடைய மனைவி வாடிய கோலத்தில் இருந்தார்; கணவருக்கு இவ்வுலகில் நாட்டமே இல்லை என்றார். அபுத் தர்தா பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் வணக்கம். ஸல்மான் அவரை வற்புறுத்தி உண்ணவைத்தார். இரவில் தொழ எழுந்தவரை ஒருமுறைக்கு இருமுறை உறங்கச் சொன்னார். இரவின் கடைசிப் பகுதி வந்ததும் தாமே எழுப்பி, இருவரும் தொழுதார்கள். இறைவனுக்கும், தன் ஆன்மாவுக்கும், குடும்பத்தாருக்கும் தனித்தனி உரிமை உண்டு. அவரவர் உரிமையை அவரவர்க்குக் கொடுக்க வேண்டும் என்பது ஸல்மானின் வாதம். நாயகம் (ஸல்) அவர்கள் அதை உண்மையென ஏற்றார்கள். உரிமை என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். உடலுக்குக் காட்டும் கருணை, சலுகை என்றெல்லாம் அங்கே பேச்சில்லை. உரிமை என்றால் கொடுக்காதவன் கடனாளி. நபி தாவூத் (அலை) அவர்களின் இரவும் இவ்வாறே சிறப்பித்துச் சொல்லப்படுகிறது: பாதி இரவு உறக்கம், மூன்றில் ஒரு பங்கு தொழுகை, ஆறில் ஒரு பங்கு மறுபடி உறக்கம். வணக்கத்தில் மிக உயர்ந்த இரவிலும் மூன்றில் இரு பங்கு உறக்கத்துக்கே போகிறது.

இங்கே அறிவாளியான வாசகர் ஒருவர் நம்மைக் குறுக்கிடக்கூடும். உணவு நேரம் மாறினால் ஈரலின் கடிகாரம் குழம்பும் என்றீர்களே, ரமளானில் நாம் இரவில்தானே உண்கிறோம் என்பார். நியாயமான கேள்வி, மழுப்பக் கூடாது. உணவு நேரம் மாறும்போது ஈரலின் கடிகாரமும் ஓரளவு அதைப் பின்பற்றும் என்றே எதிர்பார்க்க வேண்டும். ஆனால் எலிகளுக்கு வந்த நோய், வாழ்நாளின் பெரும்பகுதி ஓயாமல் தொடர்ந்த குழப்பத்தால் வந்தது. ஆண்டில் ஒரு மாதம் என்பது அதுவன்று. நோயாளிக்கும் பயணிக்கும் அந்த மாதத்திலும் விலக்கு உண்டு. இன்னொன்று. மார்க்கம் சொன்ன உணவு இரண்டே வேளை, அவையும் இரவின் இரு ஓரங்களில். நோன்பு திறப்பதை விரைவுபடுத்துவதும் ஸஹரைப் பிற்படுத்துவதும் ஸுன்னத். இடையில் தராவீஹ் முடிந்து ஸஹர் வரை கடைத்தெருவில் பொரித்ததையும் வறுத்ததையும் தின்று திரிவது எந்தக் கிதாபில் இருக்கிறது? அது நம்முடைய கண்டுபிடிப்பு. இஷாவுக்குப் பின் வீண் பேச்சை நாயகம் (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்பது ஆண்டின் எல்லா மாதங்களுக்கும் பொருந்தும்.

அந்தக் கடைத்தெருவிலேயே சற்று நிற்போம். இரவு இரண்டு மணிக்கு நாம் தின்பதை யாரோ ஒருவன் அடுப்பருகே நின்று பொரித்துத் தருகிறான். ஜவுளிக் கடையில் நம் வீட்டார் புரட்டிப் போட்ட துணிகளை யாரோ ஒருத்தி மடித்து வைக்கிறாள். நாம் வீடு திரும்பி ஸஹர் உண்டு, ஸுப்ஹு தொழுது படுக்கிறோம். அவர்கள் மறுநாள் காலை கடை திறக்க வேண்டும். இரண்டாவது கேள்வியின் கனம் இங்கேதான் தெரிகிறது. தன் இரவைத் தானே கெடுத்துக் கொள்பவன் தன் அமானத்தில் குறை வைத்தான். பிறனுடைய இரவைக் கெடுப்பவன் யாருடைய அமானத்தில் கைவைத்தான்?

இரவில் உழைப்பது குற்றம் என்று எவரும் எண்ணிவிடலாகாது. இரவை ஓய்வுக்கும் பகலைத் தேட்டத்துக்கும் உரியதாகத் திருமறை பல இடங்களில் கூறுகிறது (28:73, 78:9-11). அதே திருமறை மற்றோரிடத்தில் (30:23), இரவில் உறங்குவதோடு பகலில் உறங்குவதையும் தன் அத்தாட்சிகளில் ஒன்றாகவே எண்ணுகிறது. இரவெல்லாம் உழைத்துவிட்டுப் பகலில் கண்ணயரும் காவற்காரருக்கும் அங்கே இடமிருக்கிறது. முஸ்ஸம்மில் சூராவின் கடைசி வசனம் (73:20) இரவுத் தொழுகையை இலேசாக்கும்போது, நோயாளிகளும், இறையருளைத் தேடி ஊர் ஊராகச் செல்வோரும் உங்களில் இருப்பார்கள் என்பதைக் காரணமாகச் சொல்கிறது. வயிற்றுக்காக அலைபவனின் களைப்பை அல்லாஹ்வே கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறான்; அவனிடம் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் நம் முதலாளிமார் கணக்கில் எடுக்க மறுக்கிறார்கள்.

மருத்துவமனையில் விழித்திருக்கும் தாதியும், தீயணைப்பு நிலையத்தில் காத்திருப்பவரும், மின்சாரம் நின்றுவிடாமல் பார்த்துக் கொள்பவரும் செய்வது ஃபர்ளு கிஃபாயா. சிலர் செய்துவிட்டால் ஊரார் அனைவர் மீதிருந்தும் கடமை நீங்கும். எவருமே செய்யாவிட்டால் ஊரே குற்றவாளி. நாம் போர்த்திக்கொண்டு உறங்கும் ஒவ்வொரு இரவும் நம் கடமையை அவர்கள் சுமக்கிறார்கள். சுமப்பவரின் உடலுக்கு அதனால் கேடு வரலாம் என்பது தெரியாதிருந்த காலம் வேறு. தெரிந்த பின், "கூடுதல் கூலி கொடுக்கிறோமே, அவராக ஒப்புக்கொண்டுதானே வந்தார்" என்ற பதில் செல்லுமா?

செல்லாது என்றே நாம் கருதுகிறோம். இஜாரா என்னும் கூலி ஒப்பந்தத்தில் விற்கப்படுவது உழைப்பின் பயன். உழைப்பவனின் உடல் விற்பனைக்கு வருவதில்லை. அந்த உடல் அவனுக்கே சொந்தமில்லை, அவனிடம் அமானத். தனக்குச் சொந்தமில்லாததை அவன் ஒப்புதல் கொடுத்தும் விற்க முடியாது. நம் ஃபுகஹாக்கள் வாடகைக்கு எடுத்த ஒட்டகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பேசிய சுமைக்கு மேல் ஏற்றி, அதனால் அந்தப் பிராணி அழிந்தால், வாடகைக்கு எடுத்தவன் ஈடு கொடுக்க வேண்டும். வாடகைப் பணத்தைச் சரியாகக் கொடுத்துவிட்டேன் என்பது அங்கே பதிலாகாது. ஒட்டகத்துக்கு இருக்கும் இந்தப் பாதுகாப்பு, நம் கடைப் பையனுக்கு இல்லை என்று எந்த மத்ஹபில் தீர்ப்பு இருக்கிறது?

இதை வெறும் உபதேசமாக நினைக்க வேண்டாம். டென்மார்க் நாட்டார் செய்தே காட்டியிருக்கிறார்கள். லியோன் நகர அறிவிப்பு வந்ததற்கு மறு ஆண்டு, 2008இல், இருபது ஆண்டுகளுக்கு மேல் வாரத்தில் ஓர் இரவேனும் பணி செய்து மார்பகப் புற்றுநோய்க்கு ஆளான ஏறத்தாழ 40 பெண்களுக்கு, வேறு வெளிப்படையான காரணம் தென்படாத நிலையில், அந்நாட்டில் தொழில்நோய் இழப்பீடு வழங்கினார்கள். இன்ன பெண்ணுக்கு இன்ன இரவால்தான் நோய் வந்தது என்று எந்த மருத்துவராலும் காட்ட முடியாது. மேலோங்கிய எண்ணத்தை வைத்தே அவர்கள் ஈடு கொடுத்தார்கள். ஒட்டகத்துக்கு ஈடு எழுதிய சமுதாயத்தைச் சேர்ந்த நாம் இதைப் படித்து வெட்கப்பட இடமுண்டு.

நம்மால் ஆவது என்ன? ஆள் வைத்து வேலை வாங்குவோர், வாரத்துக்கு வாரம் முறை மாற்றி ஒருவனைப் பந்தாடாமல் இருக்கலாம். இரவு வேலை செய்தவனை மறுநாள் காலையிலேயே கூப்பிடாதிருக்கலாம். ரமளானில் கடையை நள்ளிரவுக்கு முன் அடைப்பதென்று ஒரு தெருவின் வியாபாரிகள் சேர்ந்து முடிவெடுத்தால், எவருக்கும் வியாபாரம் குறையப் போவதில்லை; வாங்குபவர்கள் முன்னதாக வருவார்கள், அவ்வளவுதான். ஒருவர் மட்டும் அடைத்தால் நட்டம் என்பது உண்மையே. அதனால்தான் இது ஜமாஅத் கூடிப் பேச வேண்டிய விஷயமாகிறது. சந்தாவுக்கும் கந்தூரிக்கும் கூடுகிற ஜமாஅத் இதற்கும் ஒரு நாள் கூடட்டும்.

வீட்டில் இரவுப் பணிக்காரர் ஒருவர் இருந்தால், பகலில் அவர் அறையை இருட்டாக்கித் தருவதும், பிள்ளைகளை அடக்கி வைப்பதும் இல்லத்தாரின் கடன். அவரை லுஹருக்கு எழுப்பிவிடுவதும் அக்கடனைச் சேர்ந்ததே. பெரும்பாலான வீடுகளில் இதைப் பெண்கள் சொல்லாமலே செய்துவருகிறார்கள். தடையாயிருப்பது தெருதான். பகல் பதினொரு மணிக்குக் கல்யாண வீட்டுக் குழாய் அலறுகிறது. அதையாவது அறியாமை என்று விடலாம். பள்ளிவாசல் குழாயும் அலறுகிறதே! பாங்கு தொழுகைக்கான அழைப்பு. அது வெளியே கேட்கத்தான் வேண்டும். பயானும், மதரஸா ஆண்டு விழா ஒத்திகையும், வசூல் அறிவிப்பும் பள்ளிக்கு உள்ளே இருப்பவர்களுக்கானவை. அவற்றுக்கு உள் ஒலிபெருக்கியே போதும். வெளிக் குழாயை அணைத்துவைக்க முத்தவல்லிக்கு எந்த ஃபத்வாவும் தேவையில்லை.